தலைதீபாவளிக்குக் குறுக்கே வந்த அமெரிக்கத் தேர்தல்

கெடிலக்கரை
27 அக்டோபர் 2024, இரவு 9.40

ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். விஷயத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு நாளாக யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தங்கைக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை புதுச்சேரி, முத்தியால்பேட்டை. வருகிற வியாழன் தலைதீபாவளி. முறையாகப் போய் அழைக்க வேண்டுமே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா, பெரியப்பா, நான் மூன்று பேரும் தட்டு, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். காபி வந்தது, முறுக்கு வந்தது, நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதில் கமலா ஹாரிஸ் ஏதோ கூட்டத்தில் பேசுவதைக் காட்டினார்கள். பெரியப்பா வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வாய் சும்மா இருக்காது. "நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி, வெள்ளை மாளிகைக்குப் போகப்போகுது பாருங்க" என்றார். கமலாவின் தாத்தா ஊர் அது, மன்னார்குடி பக்கம். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "போனா என்ன மாமா, மன்னார்குடிக்கு மெட்ரோவா விடப்போறாங்க?" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கோயில் கல்வெட்டில் கமலா பெயர் இருக்கிறது, 2020 மாநாட்டில் "சித்தி" என்று தமிழ்ச் சொல்லையே சொன்னார், அம்மா சியாமளா 1958-இலேயே தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனவர் என்று பெரியப்பா ஆரம்பித்தார். மாப்பிள்ளையோ ட்ரம்ப் ஆள். சேதராப்பட்டுப் பக்கம் கம்பெனி வேலை, அமெரிக்காவில் வேலை பார்க்க எச்1பி விசாவுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறார், ஆனாலும் ட்ரம்ப்தான் வேண்டுமாம், "அந்தாளு மனசுல இருக்கறத பேசறான், மத்தவங்க எழுதிக் கொடுத்தத படிக்கறாங்க" என்பது அவர் வாதம். பேச்சு எங்கெங்கோ போய், "படிச்சவன் பேசற பேச்சா இது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சம்பந்தி முகம் மாறிவிட்டது. பெரியப்பா தாம்பூலம்கூட வாங்காமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது பெரியப்பா வியாழக்கிழமை வர மாட்டேன் என்கிறார். மாப்பிள்ளை வருவார், ஆனால் "மாமா இருப்பாரா?" என்று தங்கையிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

கேள்வி இரண்டு. ஒன்று, அந்த நாட்டில் ஓட்டும் இல்லாத, ஒரு தடவை கால்கூட வைக்காத நாம் அவர்கள் வேட்பாளரைப் பற்றி இவ்வளவு அடித்துக்கொள்வதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? இரண்டாவது, இந்த இரண்டு பேரையும் ஒரே பந்தியில் எப்படி உட்கார வைப்பது?

---

சில்வர் பீச் காத்து
27 அக்டோபர் 2024, இரவு 10.05

முதலில் பெரியப்பாவிடம் அவர் வார்டு கவுன்சிலர் பெயரைக் கேளுங்கள். அப்புறம் மாப்பிள்ளையிடம் அவர் தொகுதி எம்எல்ஏ பெயரை. இரண்டு பேரும் முழித்தால் சண்டை தீர்ந்தது.

---

கெடிலக்கரை
27 அக்டோபர் 2024, இரவு 10.12

பெரியப்பாவுக்கு 1967 முதல் கடலூரில் யார் நின்றார், யார் தோற்றார், எல்லாம் மனப்பாடம். அந்த வழி வேலைக்கு ஆகாது.

---

மிஷன் வீதி
28 அக்டோபர் 2024, காலை 7.30

முதல் கேள்விக்கு புதுச்சேரிக்காரனாக ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டு ஜனாதிபதித் தேர்தல் என்றால் உங்களுக்கு டீக்கடைப் பேச்சு, எங்கள் வீட்டில் அது வாக்குச்சாவடி.

என் மாமனார் சொல்தா. கடலூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், அவர் அப்பா எழுதிக்கொடுத்தார், அந்த ஒரு கையெழுத்தில் இன்றைக்கு மூன்று தலைமுறை பிரெஞ்சுக்காரர்கள். பிறந்தது லாஸ்பேட்டை, சாப்பிடுவது பழைய சோறும் கருவாடும், பட்டாளத்தில் இருந்த காலம் தவிர வாழ்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனால் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோனா லெ பென்னா என்று தீர்மானிக்கிற உரிமை அவருக்கு உண்டு. 2022 ஏப்ரலில் 10-ஆம் தேதியும் 24-ஆம் தேதியும் இரண்டு சுற்றுக்கும் வெயிலில் குடையோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். இங்கே சட்டமன்றத்துக்கு யார் வருகிறார் என்பதில் அவருக்கு ஓட்டுக் கிடையாது, தெருவில் சாக்கடை வழிந்தாலும் அவரால் திட்டத்தான் முடியும்.

இப்போது சொல்லுங்கள், இவர் எந்த ஊரில் வெளியாள்?

லெ பென் பற்றி அவர் பேசினால் நான் கேட்பேன், ஏனென்றால் அந்த அம்மா ஜெயித்தால் அவர் பென்ஷனுக்கும் பேரன் பேத்தி குடியுரிமைக்கும் என்ன ஆகும் என்பது அவருக்கு நிஜமான பயம். பெரியப்பாவுக்கு கமலா ஜெயித்தாலும் தோற்றாலும் மறுநாள் காலையில் பால் பாக்கெட் அதே விலைதான். அதனால் பேசக் கூடாது என்று சொல்லவில்லை, கிரிக்கெட் பார்க்கிற மாதிரி பேசலாம். தோற்ற அணிக்காக யாராவது சம்பந்தி வீட்டுத் தாம்பூலத்தை வாங்காமல் வருவார்களா?

இன்னொன்று. அமெரிக்காவில் மக்கள் நேராக ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில்லை, 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுதான் தேர்ந்தெடுக்கிறது, இது என்ன கூத்து என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு முன் கீழூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1954 அக்டோபர் 18, புதுச்சேரி இந்தியாவோடு சேருவதா என்று அங்கே கூடி ஓட்டுப் போட்டது மொத்தம் 178 பேர். சட்டசபை உறுப்பினர்கள், நகரசபை உறுப்பினர்கள், அவ்வளவுதான். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள், எங்கள் நாடு மாறிவிட்டது. என் தாத்தாவை யாரும் கேட்கவில்லை.

---

உப்பளவாடி
28 அக்டோபர் 2024, பகல் 1.15

பெரியப்பா வரலாற்று வாத்தியார் என்கிறீர்கள், ஆனால் அவர் துளசேந்திரபுரம் வரை போயிருக்கவே வேண்டாம். அமெரிக்க ஜனாதிபதிகளுக்கும் கடலூருக்கும் இருக்கிற தொடர்பு தேவனாம்பட்டினத்திலேயே இருக்கிறது.

1690-இல் அங்கே உள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டை மட்டும் இல்லை, பீரங்கியில் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அந்தக் குண்டு கிராமங்களில் ஒன்றுதான் எங்கள் குண்டு உப்பளவாடி. யேல் இங்கே சம்பாதித்த காசோடு இங்கிலாந்து போய், 1718-இல் அமெரிக்காவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரிக்குத் துணி மூட்டைகளும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் அனுப்பினார், கல்லூரி அவர் பெயரை வைத்துக்கொண்டது. அங்கே படித்த ஜனாதிபதிகள் ஐந்து பேர்: டாஃப்ட், ஃபோர்டு, இரண்டு புஷ், கிளின்டன். ஹிலாரி, இப்போது ட்ரம்போடு துணை ஜனாதிபதிக்கு நிற்கிற வான்ஸ் இரண்டு பேரும் அங்கே சட்டம் படித்தவர்கள். 2004-இல் எதிரெதிராக நின்ற புஷ், கெர்ரி இருவருமே யேல். ஆக யார் ஜெயித்தாலும் அதில் நம் ஊர் நெசவுத் துணிக் காசு கொஞ்சம் இருக்கிறது என்று பெரியப்பா அழகாகப் பேசியிருக்கலாம், சண்டையே வந்திருக்காது.

வெளியாள் கருத்தால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஆனால் நாம் நினைக்கிற பக்கம் அது போகாது. அதே 2004 அக்டோபரில் லண்டன் கார்டியன் பத்திரிகை ஒரு வேலை செய்தது. ஒஹையோ மாநிலத்தில் கிளார்க் என்று ஒரு மாவட்டம், இழுபறியான இடம், 2000-இல் புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோர் அங்கே வெறும் 324 ஓட்டில்தான் முன்னால் வந்தார். அந்த மாவட்டத்து வாக்காளர் முகவரிகளைத் தன் வாசகர்களுக்குக் கொடுத்து, உலகம் என்ன நினைக்கிறது என்று அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றது பத்திரிகை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்து பதிலுக்கு வந்தது பெரும்பாலும் வசவு, உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போங்கள் என்று. முடிவில் 2000-இல் கோர் பக்கம் இருந்த கிளார்க் மாவட்டம் 2004-இல் புஷ் பக்கம் போனது. கடிதத்தால்தான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உதவவில்லை என்பதை அடித்துச் சொல்லலாம்.

இந்த வருஷமும் பியூ ஆய்வு நிறுவனம் 34 நாடுகளில் கேட்டிருக்கிறது. உலக விவகாரத்தில் அப்போது களத்தில் இருந்த பைடன் சரியாக நடந்துகொள்வார் என்று நம்புகிறவர்கள் சராசரிக் கணக்கில் 43 சதவீதம், ட்ரம்ப் மேல் நம்பிக்கை 28 சதவீதம். உலகம் ஓட்டுப் போட்டால் ட்ரம்ப் நிற்கவே முடியாது. ஆனால் ஓட்டு உலகத்திடம் இல்லை, இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவில் இருக்கிறது.

நம் பக்கமும் பாருங்கள். 2019 மக்களவைத் தேர்தலில் வங்கதேச நடிகர் ஒருவர் மேற்கு வங்கத்துக்கு வந்து ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டார், மத்திய அரசு விசாவை ரத்து செய்து கிளம்பச் சொல்லிவிட்டது. நம் வீட்டுத் தேர்தலில் வெளியாள் வாய் திறந்தால் நமக்கு அப்படி வலிக்கிறது. அதே வருஷம் செப்டம்பரில் ஹூஸ்டனில் ஐம்பதாயிரம் பேர் கூட்டத்தில் நம் பிரதமர் ட்ரம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய தேர்தல் முழக்கத்தை இந்தியில் சொன்னபோது கைதட்டினோம்.

---

நெல்லிக்குப்பத்தான்
29 அக்டோபர் 2024, காலை 6.50

நியூ ஜெர்சி எடிசனில் இருந்து எழுதுகிறேன், வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. வரி கட்டுகிறேன், பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், ஓட்டு இல்லை. இங்கே நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டுக்கான வரிசையில் நிற்கிறேன், எந்த நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம், இந்தியர்கள் லட்சக்கணக்கில் நிற்கிற வரிசை அது, என் முறை வரும்போது நான் இருப்பேனோ என்னவோ. கையில் கார்டு இல்லாததால் பத்து டாலர்கூட எந்த வேட்பாளருக்கும் நன்கொடை தர முடியாது, தந்தால் குற்றம். போதாததற்கு நியூ ஜெர்சி 1992-இல் இருந்து ஜனநாயகக் கட்சிக்கே போடுகிற மாநிலம், ஓட்டு இருந்திருந்தாலும் ஒரு பயலும் வந்து கேட்டிருக்க மாட்டான். டெலாவர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா, அங்கே இருக்கிற நண்பன் வீட்டுத் தபால்பெட்டியில் தினமும் நோட்டீஸ் கொட்டுகிறது.

பெரியப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்று சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் தங்கள் ஆளைச் சரியாகப் பார்க்கவில்லை.

"நம்ம பொண்ணு" என்பதால் கமலா நமக்கு எதுவும் செய்துவிடப் போவதில்லை, அவர் கலிபோர்னியாவில் வளர்ந்த வழக்கறிஞர், ஊர்ப் பாசத்தில் விசா கொடுக்க முடியாது. ஆனால் பெரியப்பா சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். 2019-இல் அந்த 7 சதவீத வரம்பை எடுக்க மைக் லீ என்ற குடியரசுக் கட்சி செனட்டரும் கமலாவும் சேர்ந்துதான் மசோதா கொண்டுவந்தார்கள். செனட்டில் 2020 டிசம்பரில் நிறைவேறியது, சட்டமாகாமலேயே செத்தது. என்னை மாதிரி ஆட்களுக்கு அந்தக் கோயில் கல்வெட்டைவிட இந்த மசோதாதான் முக்கியம், ஆனால் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டினவர்களிடம் போய் இதைச் சொன்னால் முகத்தைப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை விசாவுக்கு அலைந்துகொண்டே ட்ரம்ப் வேண்டும் என்கிறார் என்றால், 2018-இல் இங்கே எச்1பி விண்ணப்பங்கள் எப்படித் திருப்பி அனுப்பப்பட்டன என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. 2020 ஜூன் 22 தேதியிட்டு, வருஷக் கடைசி வரைக்கும் புதிதாக எச்1பியில் யாரும் உள்ளே வர முடியாது என்று ட்ரம்ப் கையெழுத்துப் போட்டார். நான் அப்போது விடுமுறைக்கு நெல்லிக்குப்பத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன், என் பழைய அறைத்தோழன் சேலத்தில் பல மாதம் உட்கார்ந்திருந்தான், இங்கே பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வாடகை கட்டிக்கொண்டு. இப்போது ஜூனில் அதே ட்ரம்ப், இங்கே படித்து முடிக்கிறவர்களுக்குப் பட்டத்தோடு கிரீன் கார்டும் தரலாம் என்றார், உடனேயே அவர் ஆட்கள் அதற்கு நூறு நிபந்தனை சொன்னார்கள். மனசில் இருப்பதைப் பேசுகிறார் என்பது சரிதான், எந்த நாளின் மனசு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் யாருக்கு ஆதரவு என்று கேட்காதீர்கள். இங்கே நம் சங்கத்துப் பொங்கல் விழாவிலேயே இரண்டு மேசை தனித்தனியாக உட்காருகிறது.

---

பாகூர் அக்கா
29 அக்டோபர் 2024, மாலை 4.20

தம்பி, எல்லாரும் உன் முதல் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை வந்துவிடும்.

அமெரிக்காக்காரனைப் பற்றிப் பேசுவது நமக்குப் புதுசு இல்லை. என் சித்தப்பா பெயர் கென்னடி. அறுபதுகளில் பிறந்தவர்களில் தெருவுக்கு ஒரு கென்னடி இருந்தார், நடிகர் விக்ரமுக்கே இயற்பெயர் கென்னடிதான். எங்கள் தாத்தா அந்தப் பெயரை வைத்ததற்கு அமெரிக்கக் கொள்கை ஒன்றும் காரணம் இல்லை, பத்திரிகையில் படம் பார்த்தார், பையன் மாதிரி லட்சணமாக இருக்கிறான், அநியாயமாகச் சுட்டுவிட்டார்களே என்று வைத்தார். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கப் பால் பவுடரும் கோதுமையும் வந்த காலம் அது. வாங்கிக் குடித்தவர்களுக்கு அனுப்பினவன் மேல் கொஞ்சம் பிரியம் இருக்கத்தானே செய்யும். அப்புறம் 1971-இல் நிக்சன் வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பலை அனுப்பினதும் அதே தாத்தா ரேடியோவைப் பார்த்துத் திட்டினார் என்று அம்மா சொல்லுவாள். சித்தப்பா பெயரை மாற்றவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பெரியப்பாவை நீ போய்க் கூப்பிடாதே, உன் அம்மாவைவிட்டுக் கூப்பிடச் சொல். "மாமா, நீங்க வராம எண்ணெய் வைக்க மாட்டேன், பொண்ணு மாப்பிள்ளை தலையில மூத்தவர் கைதான் படணும்" என்று சொன்னால் போதும், எந்த வாத்தியாரும் அதற்கு மேல் மறுக்க முடியாது. மாப்பிள்ளைக்கு அவர் கையால் எண்ணெய் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு ட்ரம்பாவது ஒன்றாவது. விடிகாலை குளித்து, லேகியம் உருட்டி வாயில் போட்டதும் நேராக இட்லியும் கறிக்குழம்பும் இலையில் விழ வேண்டும், இடையில் காத்திருக்க வைக்காதே, காத்திருக்கும்போதுதான் பேச்சு வரும். டிவியை முதல் நாளே துணி போட்டு மூடு, கேட்டால் கேபிள் போய்விட்டது என்று சொல். நோன்பு எடுக்கிற வீடு என்றால் அதிரசத்துக்கு மாவு இடிக்கிற வேலையில் பெண்கள் யாரும் இந்தச் சண்டைக்குக் காது கொடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிறீர்களா? போட்டால் பெரியப்பா கையால் போடச் சொல்.

---

கெடிலக்கரை
7 நவம்பர் 2024, இரவு 8.30

தகவல் சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். அக்கா சொன்னபடியேதான் செய்தோம். அம்மா போய்க் கேட்டதும் பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் சட்டையை மாட்டினாராம். எண்ணெய் வைத்தார், மோதிரமும் அவரே போட்டார். மாப்பிள்ளை காலில் விழுந்தார். டிவியைத் துணி போட்டு மூடியது மட்டும் பலிக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் வந்து இழுத்துவிட்டான், நல்லவேளை பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருந்தது.

இலையில் உட்கார்ந்தபோது நானே வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இங்கே உப்பளவாடி எழுதியிருந்த யேல் கதையைச் சொன்னேன். பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது, "அது எனக்குத் தெரியாதா" என்றார். தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம். மாப்பிள்ளை உடனே, "அப்ப அந்தக் கோட்டைய ஒருநாள் காட்டுங்க மாமா" என்றார், சாயங்காலமே இரண்டு பேரும் வண்டி எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் போய்விட்டார்கள். இருட்டின பிறகுதான் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

நேற்று மதியம் முடிவு தெரிந்துவிட்டது, ட்ரம்ப். மாப்பிள்ளை குடும்பக் குழுவில் ஒன்றும் போடவில்லை, அந்த நாகரிகம் இருந்தது. பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை இரண்டு தடவை மடித்துப் பிரித்தார். நான் போய் மிஷன் வீதி சொன்ன மாதிரி, "பால் பாக்கெட் அதே விலைதானே பெரியப்பா" என்றேன். "ஒரு பொம்பளை ஜெயிக்கட்டுமேன்னு நெனச்சேன்டா, ஊரு பேரெல்லாம் சும்மா பேச்சுக்கு" என்றார். பெரியப்பாவுக்கு மூன்று பெண்கள். நடுவில் உள்ளவளை பிளஸ் டூவோடு நிறுத்தி, வந்த வரனுக்குக் கட்டிக்கொடுத்தது அவர்தான், அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு மட்டும்தான் இந்த முடிவில் சந்தோஷம். பவுன் விலை இறங்கியிருக்கிறது என்கிறாள்.

---

கிள்ளைக் குட்டை
24 செப்டம்பர் 2025, இரவு 11.10

பழைய இழையைக் கிளப்புகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல் படித்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளைப் பக்கம் மூன்று இறால் குட்டை வைத்திருக்கிறேன், வெனாமி ரகம்தான். போன வருஷம் நீங்கள் எல்லாம் இதை எழுதிக்கொண்டிருந்தபோது எனக்குக் குஞ்சு விடுகிற வேலை, அமெரிக்காவில் யார் நிற்கிறார் என்று கேட்டால் பாதி பெயர்தான் சொல்லியிருப்பேன். "பால் பாக்கெட் அதே விலை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பால் அதே விலை, சரி. இறால் அப்படி இல்லை.

நம் நாட்டு இறாலை அதிகம் வாங்குகிறவன் அமெரிக்காக்காரன். ஆகஸ்ட் 27-இல் இருந்து நம் சரக்குக்கு 50 சதவீத வரி, 25 ஏற்கனவே போட்டது, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்பதற்காக இன்னொரு 25. எண்ணெய் வாங்கியது யாரோ, அதற்கும் என் குட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஈக்வடார்காரனுக்கு 15 சதவீதம்தான். அவனும் வெனாமி, நானும் வெனாமி, வாங்குகிறவன் எவனை வாங்குவான்? வியாபாரி வந்து 50 கவுண்ட்டுக்கு, அதாவது கிலோவுக்கு ஐம்பது நிற்கிற இறாலுக்கு, ஒரு விலை சொன்னான், அந்த விலைக்குப் பிடித்தால் தீவனக் கடனைக்கூட அடைக்க முடியாது. பிடிக்காமல் விட்டால் தினமும் தீவனம், கரண்ட், டீசல். நோய் வேறு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குட்டைக்குக் காற்று கொடுக்கிற ஏரேட்டர் சத்தத்தில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று, இது ட்ரம்ப் ஒருவர் செய்த வேலை என்று நான் சொல்ல மாட்டேன். நம் இறாலுக்கு மலிவாகக் கொண்டுவந்து குவிக்கிறோம் என்று சொல்லி அவர்கள் முதலில் குவிப்புத் தடுப்பு வரி போட்டது 2005-இல், சுனாமி அடித்து இரண்டு மாதம்கூட ஆகாதபோது, அப்போது புஷ். போன வருஷக் கடைசியில் மானியத்தைக் காரணம் காட்டி இன்னொரு வரி போட்டார்கள், அப்போது பைடன். அந்த ஊர் இறால் பிடிக்கிறவனுக்கும் ஓட்டு இருக்கிறது, அவனைப் பார்த்துக்கொள்வது அவர்கள் ஜனாதிபதியின் வேலை, அதில் எனக்குக் கோபம் இல்லை. இந்தத் தடவை கொஞ்சமாகப் போடவில்லை, மொத்தமாகப் போட்டுவிட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கருத்துச் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மூன்று குட்டை இருக்கிறது. 2028 தேர்தலுக்கு நான் முன்கூட்டியே கருத்துச் சொல்வதாக இருக்கிறேன்.

---

மிஷன் வீதி
25 செப்டம்பர் 2025, காலை 7.05

பால் பாக்கெட் எழுதியது நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பத்து நாள் தள்ளிப்போட வழி இருந்தால் தள்ளிப்போடுங்கள், இங்கே ஹோட்டல்காரர்கள் சிலர் நேராகக் குட்டையில் வந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள் என்று கேள்வி. அளவு குறைவுதான், ஆனால் ரொக்கம். தனிச் செய்தியில் விவரம் அனுப்புகிறேன்.

---

நெல்லிக்குப்பத்தான்
25 செப்டம்பர் 2025, காலை 8.40

இங்கேயும் பூகம்பம். 19-ஆம் தேதி கையெழுத்துப் போட்டாரே, புது எச்1பி ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர். முதலில் யாருக்கு, ஏற்கனவே இருப்பவர்களுக்கும் உண்டா என்று தெரியாமல், ஊருக்குக் கிளம்பி விமானத்தில் ஏறியவர்கள் சிலர் இறங்கிவிட்டார்கள், போயிருந்தவர்கள் பலர் அவசரமாக ஓடி வந்தார்கள். புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்குத்தான் என்று அப்புறம் சொன்னார்கள். கெடிலக்கரை, உங்கள் மாப்பிள்ளை என்ன ஆனார்?

---

கெடிலக்கரை
25 செப்டம்பர் 2025, இரவு 9.15

மாப்பிள்ளைக்கு மார்ச் குலுக்கலில் பெயர் வரவில்லை. அடுத்த மார்ச்சுக்கு இருந்தார். ஒரு லட்சம் டாலர் என்றதும் கம்பெனியில் அந்தப் பேச்சையே எடுத்துவிட்டார்களாம். தங்கைக்கு ஐந்தாம் மாதம், அவள் போக வேண்டாம் என்றுதான் ஆரம்பத்தில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள், அதனால் வீட்டில் யாரும் ரொம்ப வருத்தப்படுவது மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அவர் மட்டும் இரண்டு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கடலூரில் இருந்து பஸ் ஏறி முத்தியால்பேட்டை போனார், யாரிடமும் சொல்லவில்லை. "அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று எங்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைத்தது. தங்கை போனில் சொன்னாள், வந்தார், மாப்பிள்ளையோடு கடற்கரைச் சாலையில் ஒரு நடை நடந்தார், ட்ரம்ப் பெயரையே எடுக்கவில்லையாம். கிளம்பும்போது, "கிள்ளைப் பக்கம் இறால் மலிவா கெடைக்குதாம், பிள்ளைத்தாச்சிக்கு நல்லதா கெட்டதா, உங்கம்மாவ கேட்டுச் சொல்லுங்க மாப்ளே" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கிள்ளைக் குட்டை அண்ணே, உங்கள் நம்பரை எனக்கும் அனுப்புங்கள்.